முழுகாமல் இருக்கிறேன் என்று எழுதிய மகளுக்கு

அன்புள்ள பெரிய மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இரண்டு கைகளும் மெஷினில் இருக்கின்றன, வாயில் குண்டூசிகள் இருக்கின்றன, அதனால்தான் பேனா என்னிடம் வந்திருக்கிறது. "நான் சொல்றத அப்படியே எழுது. நீயா எதையும் சேர்க்காத, நீயா எதையும் விடாத" என்று சொல்லியிருக்கிறாள். சேர்க்காமல் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் எதையும் விடமாட்டேன். இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம் என்று ஆரம்பிக்கச் சொன்னாள். நிஜமாகவே சௌக்கியம்தானா அம்மா என்று கேட்டேன். "கடுதாசின்னா அப்படித்தான் ஆரம்பிக்கணும், எழுது" என்றாள். ஆகவே மூவரும் சௌக்கியம். அம்மா செவ்வாய்க்கிழமையிலிருந்து தூங்கவில்லை, அப்பா புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நான் ஒரு சொல்லுக்கு அகராதியில் அர்த்தம் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இவை தவிர எல்லாரும் சௌக்கியம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை ஆறு மணிக்கே மூடிவிடும். நான் அம்மா வேலை பார்க்கும் துணிக்கடையில், மாடிப்படிக்குக் கீழே ஆல்டரேஷன் பகுதியில், துணி வெட்டும் மேசையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மறு ஓரத்தில் கட்டிங் மாஸ்டர் யாரோ ஒருவரின் கால்சட்டையை நான்கு இஞ்ச் குறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் என்னை இன்னமும் அகராதி என்றுதான் கூப்பிடுகிறார். நான் எப்போதும் புத்தகத்தோடு வருவதால் அப்படியா, இல்லை எதிர்த்துப் பேசுகிறேன் என்பதாலா என்று ஒருநாள் கேட்டேன். "இப்படிக் கேக்குற பாரு, அதனாலதான்" என்றார். அவரும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். அம்மா எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை இந்த ஆறு நாட்களில் நடந்ததை நான் வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா சொல்லப்போவது எதுவும் உனக்குப் புரியாது.

உன் போன கடிதங்களையெல்லாம் அம்மா அதிர்ச்சியோடுதான் படித்தாள் என்றாலும் அது ஒரு மாதிரி சந்தோஷமான அதிர்ச்சி. உங்கள் பேராசிரியர் தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை மாஸ்டரிடம் மூன்று முறை சொன்னாள். அவரை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று படித்தபோது, "ஏண்டி, அவளுக்கு வாய் கூசாதா" என்று என்னைத் திட்டினாள், நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஒருவர்கூடப் பேசுவதில்லை என்று எழுதியதைக் கேட்டு அப்பா, "ஏன், யாராவது செத்துட்டாங்களா" என்றார். நீ முட்டை வேகவைக்கப் போய்த் தீ எச்சரிக்கை மணி அடித்து விடுதி முழுக்கப் போர்வையோடு தெருவில் நின்ற கதையை அப்பா தன்னோடு லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார், இப்போது அவர்கள் உன்னை முட்டைக்காரி என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்த ஏரிக்கரை ஆராய்ச்சி நிலையத்துக்கு உங்களை ஆறு வாரம் அனுப்புகிறார்கள், அங்கே போன் எடுக்காது, வாரம் ஒருமுறைதான் தபால் என்று எழுதியபோதுதான் அம்மாவுக்கு முதல் கவலை. ஏரி என்று படித்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் நீ, மற்றவர்கள் படகில் போய்த் தண்ணீர்ச் செடிகளைச் சேகரித்து வருவார்கள், நான் கரையில் உட்கார்ந்து பாட்டில் கழுவி லேபிள் ஒட்டுவேன், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தாய். அம்மா நிம்மதியானாள். வெளிநாட்டுக்குப் போய்ப் பாட்டில் கழுவுவதில் என்ன நிம்மதி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் கடைசிக் கடிதம் வந்தது. அம்மா வழக்கம்போல அதைக் கடைக்கு எடுத்து வந்து, மதிய இடைவேளையில் துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு படித்தாள். அக்கா, நீ எழுதியதை நீயே ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக இங்கே அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நான் கிளம்பும்போது எதைச் செய்யவே கூடாது என்று சத்தியம் வாங்கினாயோ அதைச் செய்துவிட்டேன். கோபப்படாதே. உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. முதல் வாரம் வாந்தி வந்தது, தலை சுற்றியது, விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இப்போது பழகிவிட்டது. மூன்று வாரமாக முழுகாமல் இருக்கிறேன். முதல் நாள் தெரிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள், பேராசிரியர் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். படிப்புக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, இன்னும் சொல்லப்போனால் இதனால்தான் படிப்பே. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. இத்துடன் இருக்கும் படிவத்தில் உன் கையெழுத்து வேண்டும்." நீ தண்ணீர் என்ற சொல்லையோ நீச்சல் என்ற சொல்லையோ ஓரிடத்தில்கூட எழுதவில்லை. எழுதினால் அம்மா பயப்படுவாள் என்று ஒதுக்கியிருக்கிறாய். அம்மா உன்னிடம் இரண்டு சத்தியம் வாங்கினாள் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. தண்ணீரில் இறங்காதே என்பது எல்லார் முன்னாலும் வாங்கியது. இன்னொன்று சமையலறையில் உன்னைத் தனியாக நிறுத்தி வாங்கியது, அதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

அம்மா அந்த அறையைவிட்டு வெளியே வர இருபது நிமிஷம் ஆனது என்றும், அதற்குள் மூன்று வாடிக்கையாளர்கள் துணியோடு வரிசையில் நின்றார்கள் என்றும் மாஸ்டர் சொன்னார். வெளியே வந்தவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து நீ விட்டுப்போன நான்கு சட்டைகளைக் கொண்டுவந்து, வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்து, இடுப்பில் இரண்டிரண்டு இஞ்ச் பெரிதாக்கித் தைத்துவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை, தைத்தாள். சாயங்காலம் அப்பா வந்ததும் அறைக்குள் கூப்பிட்டுப் போனாள். நான் பக்கத்து அறையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். "பெரியவ முழுகாம இருக்காளாம்" என்று அம்மா சொன்னது கேட்டது. அப்பா, "யாரு" என்றார். "எழுதல" என்றாள் அம்மா. "பேர்கூடவா எழுதல" என்றார். "எல்லாரும் கைதட்டினாங்களாம்" என்று அம்மா சொன்னாள். "கைதட்டினாங்களா? இதுக்கு எந்த ஊர்ல கைதட்டுவாங்க" என்று அப்பா கேட்டார். "அந்த ஊர்ல தட்டுவாங்கபோல" என்றாள் அம்மா. அப்பா அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. மறுநாள் பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். முழுகாமலிரு, கருவுற்றிரு என்று போட்டிருந்தது. அக்கா, நூலகத்தில் நான் நின்றுகொண்டிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூலக டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்ன படித்தாய் என்று கேட்டார். அகராதி என்றேன். அவர் நம்பவில்லை. அன்றைக்கு இரவே அப்பா உன் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். குடும்பக் காரணத்தால் என் மகளின் வெளிநாட்டுப் படிப்பை இந்தப் பருவத்தோடு நிறுத்தி உடனே திரும்ப அழைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன் என்று நான்கே வரி. வெள்ளிக்கிழமை காலையில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல்வர் விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை வந்ததும் கையெழுத்துப் போட்டு அங்கே அனுப்பிவிடுவோம், ஆனால் ஒருமுறை திரும்பி வந்துவிட்டால் இந்த இடம் வேறு மாணவிக்குப் போய்விடும், நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று குமாஸ்தா சொன்னாராம். அப்பா, யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த உறை இப்போது முதல்வரின் மேசைமேல் இருக்கிறது. நாளைக்குத்தான் திங்கட்கிழமை.

நேற்று எனக்குப் பள்ளி இல்லை, கடைக்கு வந்தேன். மாஸ்டர் உன் சட்டைகளைப் பார்த்துவிட்டு, "இது பெரியவளோடது ஆச்சே, வெளிநாட்டுச் சாப்பாடு உடம்புல நல்லா ஒட்டுதோ" என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டாள். அவள் அளவு எழுதும் நோட்டிலிருந்து உன் கடிதம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் படித்தது தப்புத்தான், உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். கடிதத்தைப் படித்தபோது எனக்கும் அம்மாவுக்குத் தோன்றியதேதான் தோன்றியது. ஆனால் அம்மா பிரித்தே பார்க்காத படிவத்தையும் எடுத்தேன். அது வேற்று மொழியில் இருந்ததால் என் பள்ளி அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். முதல் சொல் ஏரி. இரண்டாவது படகு. மூன்றாவதற்கு ஆழம் என்று இருந்தது. அதற்கப்புறம் மிதவைச் சட்டை. பிரசவத்துக்கு எதற்குப் படகு என்று நான் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.

எனக்குப் புரிந்ததும் எழுந்து ஓடிப்போய், "அம்மா, அக்கா முழுகாம இருக்கேன்னு எழுதியிருக்கான்னா, முழுகலன்னு அர்த்தம்" என்றேன். "அதைத்தாண்டி நானும் நாலு நாளா நெனச்சு நெனச்சுச் சாகுறேன்" என்றாள். "இல்லம்மா, தண்ணியில முழுகல" என்றேன். "தண்ணியில முழுகலன்னுதாண்டி எல்லாரும் அதைச் சொல்றது" என்று கத்திவிட்டாள். மாஸ்டர் சட்டென்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சொல்லுக்கு ஏன் அப்படி அர்த்தம் வந்தது என்று பிறகு கேட்டேன், இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் படிவத்தை நீட்டி, "அக்கா நீச்சல் கத்துக்கிட்டாம்மா. மூணு வாரமா தண்ணியில போட்டா மிதக்குறா, அடியில போகல. அதுக்குத்தான் கைதட்டினாங்க" என்றேன். அம்மா படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, பக்கத்தில் சட்டை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். மாஸ்டரும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "தண்ணியிலயா" என்றாள். அவ்வளவுதான், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை கடிதத்தைப் படித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் நேற்று இருந்தது அதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்.

அக்கா, ஒரே ஒரு விஷயம் என் சார்பில் சேர்த்துக்கொள்கிறேன். முழுகாமல் என்று எழுதாமல் மூழ்காமல் என்று எழுதியிருந்தால், ஒரு நெடில் போட்டு ஒரு உகரத்தை எடுத்திருந்தால், இதில் எதுவுமே நடந்திருக்காது. இனிமேல் எழுதும்போது கவனமாக இரு.

நேற்று சாயங்காலமே விஷயத்தைக் கேட்ட அப்பா சந்தோஷமாக, திங்கட்கிழமை காலையில் போய் அந்த உறையைத் திரும்ப வாங்கிவிடுகிறேன் என்றார். அம்மா, வேண்டாம், இருக்கட்டும் என்றாள். அப்பாவுக்குப் புரியவில்லை. "வயித்துல புள்ளன்னாலும் கூட்டிட்டு வான்ற, தண்ணின்னாலும் கூட்டிட்டு வான்ற, அப்புறம் எதுக்குத்தான் அவளை அனுப்புன" என்று கேட்டார். அம்மா, "மொதல்ல நெனச்சதே தேவலாம்போல இருக்கு. அதுல ஆள் உயிரோட இருப்பா" என்றாள். நீ வரத்தான் வேண்டும் என்று உனக்கு எழுதுவதற்காகத்தான் அம்மா இன்று பேனாவை என் கையில் கொடுத்திருக்கிறாள். இதுவரை நடந்தது இதுதான். இப்போது குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டாள், இனி அம்மா சொல்வது.

கண்ணு, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறாள். உடனே, இல்லை, கோபம் இருக்கிறது என்று எழுது என்கிறாள். நீ கேட்டதையெல்லாம் நாங்கள் செய்தோம், நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த ஊரில் ஒரு பருவம் படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்றாய், சரி என்றோம். விமானம் பயமாக இருந்தது, அதற்கும் சரி என்றோம். தண்ணீர் மட்டும் வேண்டாம் என்றேன். செடியைப் பற்றிப் படிக்கப் போனவளுக்குத் தரையில் ஒரு செடியும் இல்லையா. மதிப்பெண் குறைந்தால் குறையட்டும், படகில் போகாமல் கரையில் பாட்டில் கழுவுகிறவளுக்குப் பாதி மதிப்பெண்தான் என்றால் அந்தப் பாதி போதும். உடனே கிளம்பி வந்துவிடு. அப்பாவின் கடிதம் நாளைக்குப் போய்விடும். இங்கேயே படித்து முடி. தண்ணீர் நம் குடும்பத்துக்கு ஆகாது. ஏற்கெனவே ஓர் ஆளை விழுங்கியது போதும். இதுவரை அம்மா நிறுத்தாமல் சொன்னாள், மெஷினும் நிற்கவில்லை. நாங்கள் நினைத்த செய்தி பொய்யாகிவிட்டதால் உன் சட்டைகளைத் திரும்பப் பழைய அளவுக்கே பிடித்துக்கொண்டிருக்கிறாள், மூன்று முடிந்தது, நான்காவது கையில் இருக்கிறது.

விழுங்கியது என்று மட்டும் எழுதினால் போதுமா, எப்படி என்றும் எழுதட்டுமா, அக்காவுக்கும் எனக்கும் மாமா தண்ணீரில் போய்விட்டார் என்பதற்குமேல் எதுவும் தெரியாதே என்று கேட்டேன். அம்மா தைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தும் நீந்தத் தெரிந்த ஒருவர்கூடவா இல்லை என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று கேட்ட பிறகு தோன்றியது, ஏனென்றால் அம்மா மெஷினை நிறுத்திவிட்டாள். மாஸ்டரும் கையிலிருந்த சுண்ணக் கட்டியைக் கீழே வைத்தார்.

அம்மா சொன்னதை எந்தத் திருத்தமும் இல்லாமல் எழுதுகிறேன். "அவனுக்கு ஒம்பது வயசு, எனக்குப் பதிமூணு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்துல கல்லு வெட்டுன பள்ளம், அதுல தண்ணி தேங்கிக் கிடந்துச்சு. பச்சையா, அசையாம, தரை மாதிரி இருந்துச்சு. என் செருப்பு அதுல விழுந்துருச்சு. என்னோடதுடி, அவனோடது இல்ல. எடுக்கிறேன்னு இறங்கினான். ஒரு தடவ மேல வந்தான், கைய ஆட்டினான். விளையாடுறான்னு நெனச்சேன். போதும்டா விளையாட்டு, மேல ஏறுன்னு திட்டினேன். ரெண்டாவது தடவையும் திட்டினேன். அப்புறம் எல்லாரும் ஓடி வந்தாங்க. பதினோரு பேர், நான் எண்ணியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் அந்தப் பதினோரு பேரையும் வரிசையா நிறுத்தி எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தர் துண்டை எடுத்துத் தண்ணியில வீசினாரு. ஒருத்தர் இன்னொருத்தர் கையப் பிடிச்சுக்கிட்டு முழங்கால் வரைக்கும் இறங்கினாரு. ஒரு அம்மா கயிறு கயிறுன்னு கத்துச்சு, கயிறு எடுத்துட்டு வர ஓடினவரு வந்து சேரும்போது தண்ணி அசையல. அத்தன பேரும் பெரிய ஆளுங்க. மூட்டை தூக்குறவங்க, லாரி ஓட்டுறவங்க. ஒருத்தருக்கும் தெரியல."

இதைச் சொல்லிவிட்டு அம்மா உன் கடிதத்தை எடு, அந்த வரியைப் படி என்றாள். எந்த வரி என்று கேட்கவில்லை, படித்தேன். மூன்று வாரமாக முழுகாமல் இருக்கிறேன். இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். "அன்னைக்கு அந்தக் கரையில நின்னு, யாராவது ஒருத்தர் என்கிட்ட வந்து, உன் தம்பி முழுகாம இருக்கான்னு சொல்லியிருந்தா" என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. நான்காவது சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாடிக்கையாளர் வந்து கால்சட்டை ரெடியா என்று கேட்டார். மாஸ்டர், அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க சார் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அம்மா என்னைப் பார்த்து, மேலே நான் சொன்னதை எல்லாம் அடித்துவிடு என்றாள். எதையும் விடக் கூடாது என்று நீதானே சொன்னாய் என்றேன். "சரி, இருக்கட்டும். அதுக்குக் கீழ எழுது" என்றாள்.

கண்ணு, வரவேண்டாம். வந்து இங்கே என்ன செய்யப் போகிறாய். முதலில் வயிற்றில் தண்ணீர் போய் வாந்தி வந்தபோதே விட்டுவிட்டு வராமல் பழகிக்கொண்டாய் என்று எழுதியிருக்கிறாய், அது உன் அப்பாவின் பிடிவாதம். தனியாக மட்டும் தண்ணீரில் இறங்காதே. சாப்பிட்ட உடனே இறங்காதே. எல்லாருக்கும் முன்னாலும் இறங்காதே, எல்லாரும் ஏறிய பிறகும் உள்ளே இருக்காதே. தலைமுடியை இறுக்கிக் கட்டு, காதில் தண்ணீர் தங்கவிடாதே, அங்கே குளிர் என்கிறாய், ஈரத்தோடு நின்று பேசிக்கொண்டிருக்காதே. நீந்தும்போது என்ன உடுத்துகிறாய் என்று நீ எழுதவே இல்லை, அதை எழுது. கடையில் வாங்கியதாக இருந்தால் தோள்பட்டையிலும் இடுப்பிலும் ஒற்றைத் தையல்தான் போட்டிருப்பார்கள், நீயே ஊசி நூல் வைத்து இன்னொரு தையல் போட்டுக்கொள், சாதா நூல் வேண்டாம், நைலான் நூல் கேட்டு வாங்கு. அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற மாதிரியேதான் நீயும் போடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள், பிறகு அதை மட்டும் விட்டுவிடு என்றாள். நான் விடவில்லை. இன்னொன்று, இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறாள். மிதக்கத் தெரிந்தால் போதாது. இன்னொருவரை இழுத்துக்கொண்டு வரக் கற்றுக்கொள். அதையும் சொல்லித் தருவார்களா என்று உங்கள் பேராசிரியரிடம் கேள், கோப்பை கழுவுகிற மனுஷர் கட்டாயம் சொல்லித் தருவார். எந்தக் கரையிலும் நீ பன்னிரண்டாவது ஆளாக நிற்கக் கூடாது.

ஐந்தரை மணிக்கு அப்பா வேலை முடிந்து இங்கே வந்தார், கை முழுக்க லிஃப்ட் கிரீஸ். வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்காரப் போனவரை அம்மா துணி கறையாகும் என்று நிற்கவைத்தே பேசினாள். "நாளைக்கு ஆபீஸ் திறக்கிறதுக்கு முன்னாலேயே போய் நில்லுங்க. முதல்வர் பார்க்கிறதுக்குள்ள அந்தக் கவரை வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். அப்பா, "என்னன்னு சொல்லி வாங்குறது" என்று கேட்டார். "எழுத்துப்பிழைன்னு சொல்லுங்க" என்றாள் அம்மா. மாஸ்டர் சிரித்துவிட்டு, அகராதியைக் கூட அனுப்புங்க, அது விளக்கிச் சொல்லும் என்றார். ஆகவே நாளைக்கு முதல் இரண்டு பாட வேளைக்கு மட்டும் நான் பள்ளிக்குப் போகவில்லை, அப்பாவோடு போகிறேன். கவர் கையில் வந்ததும் அதை இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்பவேண்டும் என்று நான் சொன்னேன், ஆதாரம் இருக்கட்டும் என்பதற்காக. அப்பா, முதலில் கைக்கு வரட்டும் என்கிறார். அவருக்கு இன்னும் பயம் இருக்கிறது, முதல்வர் சீக்கிரம் வருகிறவராக இருந்தால் என்ன செய்வது என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

கடைசியாகப் படிவம். உன் பெயர், வயது, எங்கள் முகவரி எல்லாவற்றையும் நான் நிரப்பினேன். ஓரிடத்தில், உங்கள் மகளுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அதைப் பெற்றோர்தான் தங்கள் கையால் எழுதவேண்டுமாம். அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு நிறைய நேரம் எழுதவில்லை. தெரியும் என்று எழுதினால் போதும் அம்மா என்றேன். "நான் பாத்ததில்லையேடி. பாக்காததைத் தெரியும்னு எப்படி எழுதுறது" என்றாள். தெரியாது என்று எழுதினால் அக்காவைப் படகில் ஏற்றமாட்டார்கள் என்றேன். "அது எனக்கும் தெரியும், சும்மா இரு" என்றாள். அப்பா கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மா அந்தச் சின்னக் கட்டத்துக்குள், நம் மொழியில், அவளுடைய சாய்ந்த எழுத்தில், தெரியும் என்று மகள் சொல்கிறாள், நான் நம்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது. அங்கே யாருக்கும் இது புரியாது, நீதான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். ஒரு சொல்கூட மாற்றாமல் சொல், அக்கா.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இருக்கவேண்டும், இறங்குகிற தண்ணீர் எல்லாம் உன்னைத் திருப்பிக் கரையில் விடவேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறார்கள். படகில் போய்வந்த முதல் நாளே பதில் எழுது, ஒரு வரியானாலும் போதும், ஆனால் அந்த வரியில் தண்ணீர் என்று தெளிவாக எழுது.

இப்படிக்கு,
சொன்னது உன் அம்மா,
எழுதியது உன் தங்கை.

அம்மாவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் மாடியில் ஒவ்வொரு பகுதியாக மூடிக்கொண்டு கீழே இறங்கி வருகிறார், மாஸ்டர் மெஷின்களுக்கு உறை போட்டுவிட்டார். நான் எழுதியதை அம்மா படித்துப் பார்ப்பதற்குள் ஆல்டரேஷன் பகுதியின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள், இந்த வரியை மாடிப்படி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.